வேலூரில் எடிட்டிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? என் ரூ.62,000 போன விதம்

கையில் காசில்லாமல் குறும்படம் எடுப்பது, எடிட்டிங் பழகுவது பற்றி விவரமாக எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதைப் பொறுமையாக எழுதும் மனநிலையில் இப்போது இல்லை. இன்று மதியம் வேலூர் டவுனில் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் குடியாத்தம். ஒரு கைத்தறி நெசவாளரைப் பற்றி நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து படம் எடுத்தோம். முழுக்க செல்போனில், 4கே-யில் (மிக நுணுக்கமான, பெரிய ஃபைலாக வரும் வீடியோ). லைட் வாடகைக்கு எடுக்கவில்லை. காலை வெயில் ஜன்னல் வழியாகத் தறிமேல் விழுகிற நேரம் பார்த்து எடுத்தோம். சட்டையில் மாட்டும் மைக், பழைய டிரைபாட், மூன்று வேளைச் சாப்பாடு, பஸ் காசு எல்லாம் சேர்த்தும் பத்தாயிரத்தைத் தாண்டவில்லை. படம் எடுப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை, இதை அடித்துச் சொல்வேன்.

எடிட்டிங்கில்தான் நின்றோம். வீட்டு லேப்டாப்பில் 4கே கிளிப் இரண்டு நொடி ஓடும், அப்புறம் உறைந்துவிடும். அம்மா ஏலச்சீட்டு எடுத்து ரூ.62,000 கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் ஒரு கடைக்குப் போனோம். கடை பெயர் இங்கே வேண்டாம்.

அந்த ஆள் பேசிய விதத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். அதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். விலையைப் பற்றி அவர் முதலில் பேசவே இல்லை. "இன்னா கதை தம்பி?" என்று கேட்டார். டீ வரவழைத்தார். நெசவாளர் கதையைக் கடைசி வரை கேட்டுவிட்டு, அவருடைய மாமாவும் தறி வைத்திருந்தவர்தான் என்றார். அப்புறம் ஒரு மலைமேல் டிரோனில் எடுத்த கிளிப்பை பிரீமியர் என்கிற எடிட்டிங் மென்பொருளில் போட்டு முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார். தடங்கலே இல்லை. "4கே தம்பி, பாருங்க" என்றார். என்விடியா கம்பெனியின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு (வீடியோ தடங்கலில்லாமல் ஓட உதவும் பாகம்), புதுசு, 3 வருஷம் வாரண்டி என்றார். கிளம்பும்போது தோளில் கை போட்டு, "படம் முடிஞ்சா நன்றி கார்டுல அண்ணன் பேரையும் போடணும்" என்றார். போட்டோம். ஸ்கிரிப்ட் நோட்டில் அவர் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது.

பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில் வேணும்னா 18 பர்சன்ட் மேல வரும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்று எஸ்டிமேட் தாளில் எழுதிக் கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார்: "டிரைவர் அப்டேட் மட்டும் பண்ணிடாதீங்க தம்பி, வாரண்டி போயிடும்." டிரைவர் என்றால் கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்.

வீட்டில் எங்கள் ஃபுட்டேஜைப் போட்டால் லேப்டாப்பில் எப்படி நின்றதோ அப்படியே நின்றது. டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் போட்டால் இந்த ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) ஆகாது என்று எரர். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் நண்பன் வந்து ஜிபியு-இசட் என்கிற சின்ன இலவச மென்பொருளை ஓட்டினான். கார்டு பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று வந்தது. கேபினெட்டைத் திருப்பிப் பார்த்தவன், "இதுல விஜிஏ போர்ட் எப்படிடா வந்துச்சு?" என்றான். பழைய மானிட்டர் வயர் சொருகுகிற அந்த நீல நிறப் போர்ட்தான். ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் விஜிஏ சிக்னலையே என்விடியா எடுத்துவிட்டது. உள்ளே இருந்தது 2010, 2011 வாக்கில் வந்த சிப். அதன் பயாஸை (கார்டுக்குள் அதன் அடையாளம் இருக்கும் சின்ன மென்பொருள்) மாற்றி எழுதி, 2016-இல் வந்த 1050 டிஐ என்று விண்டோஸையே நம்ப வைத்திருக்கிறார்கள். 768 கூடா கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகள்) இருக்க வேண்டிய கார்டில் 192. அந்தத் தலைமுறை சிப்புகளுக்குப் புது டிரைவர் தருவதை என்விடியா 2018-இலேயே நிறுத்திவிட்டது. அப்டேட் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்குத்தான் அந்த வாரண்டிக் கதை! கடையில் தடங்கலில்லாமல் ஓடிய கிளிப்பும் 4கே இல்லை, ஃபைல் பெயரில் மட்டும் 4கே என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஸ்கிரீன்ஷாட்டோடு கடைக்குப் போனேன். முகம் மாறவே இல்லை. "கம்பெனிக்காரன் என்னையும் ஏமாத்திட்டான் தம்பி. சிபியுவை வச்சுட்டுப் போங்க, மாத்தித் தரேன்" என்றார். வைத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் நாளுக்கொரு பதில். டெக்னீஷியன் லீவு. சென்னை ரிச்சி தெருவுக்கு அனுப்பியிருக்கு. கொரியர் லேட். பிறகு, "நீங்கதான் டிரைவர் அப்டேட் பண்ணிக் கார்டைக் கெடுத்துட்டீங்க." பிறகு, "ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு, கம்பெனி ஒத்துக்காது." கார்டு போனால் போகட்டும், மிச்சத்தையாவது கொடுங்கள் அண்ணே என்றால் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. ரூ.62,000 கொடுத்தவன் கையில் இப்போது ஒரு எஸ்டிமேட் தாள் மட்டும்தான் இருக்கிறது. ராம், எஸ்எஸ்டி, மதர்போர்டு எல்லாம் அவரிடம். ஃபுட்டேஜின் இன்னொரு பிரதி நண்பனின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததால் படம் தப்பியது.

இன்று காலை போன் செய்தேன். திருப்பதியில் இருக்கிறேன், இரண்டு நாள் ஆகும் என்றார். நம்பாமல் பஸ் ஏறிப் போனேன். கடையில்தான் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு அப்பாவும் மகனும், ஆம்பூர் பக்கமாம். பையனுக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ள ஆசை. டீ வந்திருந்தது. திரையில் அதே மலை, அதே டிரோன் கிளிப். மகன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அப்பா வேட்டி மடிப்பில் பணக்கட்டை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. "ஐயா, ஜிஎஸ்டி பில் இல்லாம ஒரு ரூபா கொடுக்காதீங்க. என் பணம் 62,000 போச்சு" என்றேன். கடைக்காரர் எழுந்து, "வியாபார நேரத்துல கலாட்டா பண்றியா, போலீஸைக் கூப்பிடவா?" என்று கத்தினார். கூப்பிடுங்கள் என்றேன், கூப்பிடவில்லை. அந்த அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். என் சிபியு மட்டும் இன்னும் வரவில்லை.

சொன்ன யோசனைகளில் இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. உங்கள் போனில் எடுத்த ஃபுட்டேஜை பென்டிரைவில் கொண்டுபோய், கடைக் கம்ப்யூட்டரில் அதையே ஓட்டச் சொல்லுங்கள். அவர் கிளிப் வேண்டாம். பணம் கொடுக்கும் முன் ஜிபியு-இசட் ஓட்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. 1050 டிஐ என்று சொல்லும் கார்டில் விஜிஏ போர்ட் இருந்தால் வாங்காதீர்கள். கார்டின் சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் வேண்டும், 18 சதவீதம் போனாலும் சரி. ஃபுட்டேஜ் இரண்டு இடத்தில் இருக்கட்டும். சிபியுவைத் திருப்பிக் கொடுத்தால், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் காசில்லையா, பழைய லேப்டாப்பில் பிராக்ஸி (எடிட்டிங்குக்காக மட்டும் செய்யும் சின்ன சைஸ் நகல்) போட்டு ஓட்டுங்கள். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவச எடிட்டிங் மென்பொருள்கள். மெதுவாகப் போனாலும் வேலை நடக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அடுத்து வேலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஜிபே ரசீது, எஸ்டிமேட் தாள், ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் பிரிண்ட் எடுத்தாயிற்று. காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, ஆம்பூர் பக்கம் யாராவது அந்த டிரோன் கிளிப்பைப் பார்த்துப் பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே ஜிபியு-இசட் ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.