மகளின் கண்ணில் மல்டிஃபோக்கல் லென்ஸ்: ஓராண்டுக்குப் பின்

எட்டு வயது மகளின் வலக்கண்ணில் புரை நீக்கி, சென்னைக் கண் மருத்துவமனை ஒன்றில் மல்டிஃபோக்கல் லென்ஸ் பொருத்தி ஓராண்டு ஆகிறது. இயற்கை லென்ஸை அகற்றினால் அருகிலும் தொலைவிலும் மாற்றிக் குவிக்கும் திறன் போய்விடும். இந்த லென்ஸ் ஒளியைப் பிரித்து இரண்டுக்கும் அளிக்கிறது. ஆனால் பிறக்கும்போது ஏறத்தாழ 17 மி.மீ. நீளமுள்ள கண் வளர்ந்து 23 மி.மீ. அளவை எட்டுவதால், சிறுவயதில் சரியாக அமைந்த பவர் பின்னர் மாறக்கூடும் என்பதை மருத்துவர் தாளில் கண்ணை வரைந்து காட்டிப் பொறுமையாக விளக்கினார். கண்ணாடியே தேவைப்படாது என்று யாரேனும் உறுதியளித்தால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இப்போது பாடநூலைக் கண்ணாடியின்றிப் படிக்கிறாள். கரும்பலகையைப் பார்க்க மெல்லிய கண்ணாடி போதுமானதாக இருக்கிறது. இரவில் அண்ணா சாலையில் வண்டிகளின் முகப்பு விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிகிறது என்கிறாள். இது இவ்வகை லென்ஸின் அறியப்பட்ட குறை.

உண்மையான உழைப்பு, சோம்பல் கண் (மங்கலாகத் தெரியும் கண்ணை மூளை பயன்படுத்தாமல் விட்டுவிடும் குறை) நீங்க நல்ல கண்ணை நாள்தோறும் 2 மணி நேரம் மூடிவைத்த பயிற்சியில்தான் இருந்தது. முதல் வாரம் ஒட்டுப்பட்டையைப் பிய்த்தெறிந்து அழுதவளிடம், பயிற்சியாளர் அம்மையார் பாசி மணி கோக்கக் கொடுத்து மனத்தை மாற்றினார். அவருக்கு என்றும் நன்றியுடையேன். பில் கவுண்டரில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் காக்க வைக்கிறார்கள்.