வாங்கின குஞ்சா, குளத்து விராலா?

வன்னியில் மல்லாவிப் பக்கம் எங்கள் வயல் மூலையில் ஒரு குட்டை இருக்கிறது. முதல் மூன்று வருடம் அதில் பொரிப்பகத்தில் வாங்கிய யப்பான் மீனும் ரோகுவும் விட்டேன். (திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்தது. எங்களுக்கு அது இன்னும் யப்பான் மீன்தான்.) போன மாரியில் இருந்து வவுனிக்குளத்து விரால். மனம் விரால் பக்கம் சாய்ந்துவிட்டது, அதை மறைக்கவில்லை.

வளர்ப்புச் செலவு என்று பார்த்தால் வாங்கின குஞ்சுதான் சுகம், தவிட்டிலேயே வளரும். விராலுக்கு இறைச்சித் தீனி வேண்டும், சின்னதைப் பெரியது விழுங்கிவிடும். ஆனால் சந்தையில் விலை அதற்குத்தான். கோடையில் தண்ணீர் வற்றிச் சேறானாலும் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொண்டு கிடக்கும்.

சரி, இதெல்லாம் தெரிந்த கதை. நான் மாறினது வேறு ஒன்றுக்காக: குஞ்சுகளுக்குத் தாய் தகப்பன் எத்தனை?

ரோகு தேங்கின தண்ணீரில் குஞ்சு வைக்காது. ஊசி போட்டுத்தான் பொரிப்பகத்தில் முட்டையிட வைக்கிறார்கள். பெரிய பெட்டை ஒன்றே லட்சக்கணக்கில் முட்டை இடும், அதனால் நாலைந்து தாயோடு வேலையை முடித்துவிட ஆசை வரும். அங்கேதான் சிக்கல்: தாய் தகப்பன் குறைந்தால் குஞ்செல்லாம் நெருங்கின சொந்தமாகி இனம் நலியும். மரபுக் கணக்கில் எத்தனை மீன் என்று பார்க்க, பெட்டை எண்ணிக்கையைக் கடுவன் (ஆண்) எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்த மீனால் வகுக்க வேண்டும். 50 பெட்டைக்கு 2 கடுவன் என்றால் விடை எட்டுக்குக் கிட்ட. தொட்டியில் 52 மீன் நிற்கும், மரபுக் கணக்கில் எட்டு மீன்தான். அதையே 25க்கு 25 ஆக வைத்தால் முழுசாக ஐம்பது.

யப்பான் மீனில் நான் இன்னும் மோசம். ஒருமுறை வாங்கிவிட்டு, பிறகு குட்டையில் பெருகினதையே வைத்துக்கொண்டேன். மூன்றாம் வருடம் உள்ளங்கை அளவு மீன் வாயில் குஞ்சோடு திரிந்தது. பக்கத்து வயல் அண்ணை பார்த்துவிட்டு, "இனம் கெட்டுப்போச்சு தம்பி" என்றார். முழுப் பழியையும் இனத்தில் போட மாட்டேன், நெரிசல் கூடினாலும் யப்பான் மீன் அப்படித்தான் குறுகும். என் குட்டையில் இரண்டும் நடந்திருக்கலாம்.

குளத்து விராலில் பல சோடிகளின் கலப்பு தானாக இருக்கிறது என்று நினைத்துத்தான் இறங்கினேன். அங்கேயும் ஒரு பொறி உண்டு. மாரியில் அலைகரைப் புல்லுக்குள் சிவப்புப் பந்து உருளுவது போல விரால் குஞ்சுக் கூட்டம் தெரியும், கீழே தாயும் தகப்பனும் காவல். ஒரே வீச்சில் அள்ளிவிடலாம். ஆனால் அள்ளினது அத்தனையும் ஒரே சோடியின் பிள்ளைகள்! பொரிப்பகத்தைக் குறை சொல்லிவிட்டு அதைவிட மோசமாகச் செய்தது போலாகும். அதனால் ஒரு கூட்டத்தில் கொஞ்சம் எடுத்துவிட்டு, தள்ளிப் போய் அடுத்த கூட்டம் தேடுகிறேன். காவல் நிற்கும் பெரிய மீனைத் தொடுவதில்லை, அதைப் பிடித்தால் மிச்சக் குஞ்சை மற்ற மீன் தின்றுவிடும்.

முத்தையன்கட்டு விரால் பெரிது, கொண்டுவந்து விடு என்கிறார்கள். அது கிழக்கே ஓடும் பேராற்றுத் தண்ணீர், வவுனிக்குளம் மேற்கே போகும் பாலியாறு. என் குட்டை மாரியில் நிரம்பி வழிந்தால் மீன் குளத்துக்கே போய்ச் சேரும். காலகாலமாகத் தனித்தனியாக வந்த இனத்தை நான் கலந்துவிட விரும்பவில்லை. 1980களின் கடைசியில் இலங்கையில் புண் நோய் பரவினபோது விரால்தான் கூடுதலாக அடிபட்டது. அப்படி ஒன்று திரும்ப வந்தால், தப்பிப் பிழைக்கச் சில மீனாவது வேறு மாதிரி இருக்க வேண்டும்.

குளத்தையே நம்பித் தொழில் செய்யும் சங்கங்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய குளத்துக்கு வருடா வருடம் வாங்கி விடுவதுதான் வழி. குளத்தில் இருந்து அந்த அளவுக்கு விரால் குஞ்சு அள்ளினால் குளம் வெறுமையாகிவிடும். எனக்குத் தேவை நூறு குஞ்சு. இந்த முறை ஏழு கூட்டத்தில் எடுத்தேன், எட்டாவதைத் தேடின அன்று குளம் நிரம்பி வான் (மிகைநீர் வழியும் இடம்) பாயத் தொடங்கிவிட்டது.