கம்பன் கலையரங்கமா, கூத்துக்களமா?

புதுச்சேரியில் இருந்துகொண்டு நாடகம் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டு வழி. கம்பன் கலையரங்கம் மாதிரி அரங்கில் உட்கார்ந்து பார்க்கலாம், இல்லையென்றால் கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போய் விடிய விடியத் தெருக்கூத்து பார்க்கலாம்.

அரங்கில் வசதி அதிகம். நாற்காலி உண்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுதான் சரி. தமிழ் நாடகத்தின் தந்தை என்று சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் கண்மூடிய ஊர் இது, கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது, மேடை நாடகத்தை நாம் கைவிடவே கூடாது.

ஆனாலும் என் ஓட்டு கூத்துக்குத்தான். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் வேஷக்காரர் நின்று பாடுவார், முதலில் கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், சலங்கை அதிரும், நாதஸ்வரம் மாதிரிச் சின்னதாக இருக்கும் முகவீணையின் ஒலி ஏறிக்கொண்டே போகும், திரை விலகும்போது உடம்பு சிலிர்த்துவிடும். கடைசி நாள், பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தில், மண்ணால் செய்து தரையில் படுக்கவைத்த பிரம்மாண்டமான துரியோதனனின் தொடையைப் பீமன் அடிக்க, ஊரே சுற்றி நிற்கும். அதை எந்த அரங்கத்துக்குள்ளும் கொண்டுவர முடியாது.

போகிறவர்கள் போர்வையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேசும்போது டீ குடிக்க எழுந்து போகாதீர்கள், ஊர் வம்பெல்லாம் அதில்தான் வரும்.