வீட்டுக்குள் நாய்க்கு வேலை: செவலையோடு நான்கு வருஷ அனுபவம்

எங்கள் செவலை நாட்டு நாய். தெருவிலிருந்து குட்டியாக வந்தவன். சென்னையில் இரண்டாம் மாடியில் வீடு. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணி தாண்டினால் தார் ரோட்டில் அவனால் கால் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அந்த மாதங்களில் அவனுக்கு ஹாலும் பால்கனியும்தான் உலகம். காலையில் நன்றாக ஓடிவிட்டு வந்த நாளில்கூட மதியம் சோபா உறையைக் கிழிப்பான். காலிங்பெல் அடித்தால் அடங்க வெகுநேரம் ஆகும். கால்கள் ஓய்ந்த பிறகும் மூளை சும்மா கிடந்ததுதான் காரணம். அதற்காக வாங்கியவையும் வீட்டிலேயே செய்தவையும் இத்தனை காலத்தில் எப்படி உழைத்தன என்று சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் மேலானது காசே செலவில்லாத ஒன்று: சாப்பாட்டைத் தேட விடுவது. கிண்ணத்தில் கொட்டினால் காலை ட்ரை ஃபுட் ஒரு நிமிஷத்தில் காலி. அதே அளவை வீட்டுக்குள் ஒளித்து வைத்தால் கால் மணி நேரம் ஓடும். முதலில் அவன் கண்ணெதிரே நாற்காலிக் கால் பக்கத்தில் நாலைந்து வைத்து, "தேடு" என்று சொல்லிப் பழக்கினோம். அப்புறம் கதவுக்குப் பின்னால், கால்மிதிக்கு அடியில், ஷூ ரேக்கின் இரண்டாம் தட்டில் என்று மெல்ல மெல்லக் கடினமாக்கினோம். இப்போது அவனைப் படுக்கையறையில் அடைத்துவிட்டு ஒளிப்போம். கதவைத் திறந்ததும் மூக்கைத் தரையோடு ஒட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவான்.

ஒருநாள் வாசலில் சிந்தியிருந்த கோலமாவுக்கு நடுவே ஒரு துண்டு கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூக்கின் முன்னால் இருந்த மாவு அப்படியே இருக்க, இரண்டு பக்கமும் இருந்தது மட்டும் மெல்லிய புகைபோலப் பறந்தது. நாயின் நாசித் துவாரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னப் பிளவு உண்டு. உள்ளே இழுப்பது முன்னாலிருந்து, வெளியே விடுவது அந்தப் பிளவு வழியாக. அதனால் விடும் மூச்சு, அடுத்து வரும் வாசனையைக் கலைப்பதில்லை. இப்படி ஒரு கருவியை முகத்திலேயே வைத்திருக்கும் பிராணிக்கு நாம் கொடுப்பதோ ஒரு ரப்பர் பந்து!

மூக்குக்கு வேலை கொடுத்தால் மனமும் மாறும் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. டுரான்டன், ஹோரோவிட்ஸ் என்ற இருவர் 2019இல் வெளியிட்டது. சில நாய்களுக்கு இரண்டு வாரம் வாசனை தேடும் பயிற்சி. மற்றவற்றுக்கு எஜமானரை ஒட்டி நடக்கும் பயிற்சி. பிறகு, தீனி இருக்குமா இருக்காதா என்று தெரியாத இடத்தில் கிண்ணத்தை வைத்துப் பார்த்தார்கள். தேடிப் பழகியவை முன்னைவிட வேகமாக, நம்பிக்கையோடு போயின. நடந்து பழகியவற்றிடம் அந்த மாற்றம் இல்லை. செவலையிடம் நான் பார்த்ததும் அதைத்தான். காலையில் தேடி முடித்தவன் மதியம் சோபா பக்கமே போவதில்லை, மின்விசிறிக்கு அடியில் நீட்டிப் படுத்துவிடுவான்.

துணி இழைகளுக்குள் தீனியைத் தூவும் ஸ்னஃபிள் மேட் கடையில் வாங்கியது நன்றாகவே இருந்தது. ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் அந்தக் கம்பளித் துணி துவைத்தால் லேசில் காய்வதில்லை. ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் எறும்பு வரிசை கட்டிவிடும். பிறகு ஓட்டை வைத்த ரப்பர் கால்மிதியில் பழைய பருத்தி வேட்டியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து முடிச்சுப் போட்டோம். ஒரு வெயிலில் காய்கிறது, நைந்த கீற்றை மட்டும் மாற்றினால் போதும். துணியைத் தின்னும் நாய்க்கு மட்டும் இது வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கியதில் மனநிறைவோடு சொல்லக்கூடியது காங் என்ற, உள்ளே தீனி அடைக்கும் ரப்பர் பொம்மை. அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவர், தன் ஜெர்மன் ஷெப்பர்ட் கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொள்வதைப் பார்த்துத் தவித்தார். அது ஃபோக்ஸ்வாகன் வேனின் ஒரு ரப்பர் பாகத்தை விரும்பிக் கடிப்பதைக் கவனித்து, அதிலிருந்து உருவாக்கிய பொம்மை. 1976இல் கம்பெனி தொடங்கினார். எங்களுடையது இத்தனை வருஷக் கடிக்குப் பிறகும் பிளக்கவில்லை. உள்ளே ராகிக் கூழ், தயிர்சோறு, வேகவைத்த பூசணி, சர்க்கரைவள்ளி என்று மாற்றி மாற்றி அடைத்து, இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். வேலைக்குக் கிளம்பும்போது கொடுத்தால் கதவைச் சாத்தும் சத்தத்தைக்கூட அவன் பொருட்படுத்துவதில்லை. கழுவப் பால்புட்டி பிரஷ்தான் சரி. அளவு முக்கியம்: வாய்க்குள் முழுதாகப் போகிற சைஸ் ஆபத்து. உள்ளே அடைப்பதில் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எதுவும் கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் என்றால், நாய்க்கு நஞ்சான சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லையா என்று லேபிளைப் படித்த பிறகே. மக்காச்சோளத் தக்கையைக் கடிக்கக் கொடுப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், கொடுக்காதீர்கள். குடலில் அடைத்து ஆபரேஷன் வரை போகும்.

தீனியைத் தடவி நக்கவிடும் சிலிக்கோன் நக்குதட்டு அன்றாடத்துக்குத் தேவையில்லை, ஆனால் தீபாவளிக்கு உண்டு. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைக் கூட்டி, உறைந்த தயிர் தட்டை முன்னால் வைத்தால் நடுக்கம் குறைகிறது. முழுதாகப் போவதில்லை. நகம் வெட்டும்போதும் உதவும்.

மூடியை நகர்த்தி, கட்டையைத் தூக்கித் தீனி எடுக்கும் பிளாஸ்டிக் புதிர்ப் பலகையும் ஒன்று வாங்கினோம். வழி தெரிந்ததும் அதில் வேலை முடிந்துவிட்டது. அப்புறம் கட்டையைக் கடித்துத் துப்பத் தொடங்கினான், எடுத்து வைத்துவிட்டோம். நிதானமான நாய்க்கு ஒத்துவரலாம்.

பெயர் சொல்லிக் கொடுப்பதை யாரும் விடக்கூடாது. சேசர் என்ற பார்டர் கோலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளைப் பெயரோடு கற்றுக்கொண்டது. பயிற்றுவித்த பேராசிரியர் ஜான் பில்லி 2011இல் அதைக் கட்டுரையாக்கினார். செவலைக்கு பந்து, செருப்பு, கயிறு தெரியும். ஆட்களும் தெரியும். "போய் பாட்டியைக் கூப்பிடு" என்றால் உள்ளறைக்கு ஓடி, அவனுக்குப் பாட்டியான என் அத்தையின் முழங்கையை மூக்கால் தட்டுவான். "வந்துட்டேன்டா தங்கம், இரு" என்று அத்தை எழுந்த பிறகுதான் நகருவான். அத்தைக்கு மூட்டுவலி உண்டு, ஆனால் இந்த அழைப்புக்கு அவர் எழாத நாள் இல்லை. ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும், கொட்டாவி விட ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும்.

இவை எதுவும் நடைக்கு மாற்று இல்லை. வெளியே போகும்போது கம்பத்தையும் மரத்தடியையும் ஆற அமர மோந்து பார்க்க விடுவதும் இதே வேலைதான், இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒளிக்கும் தீனி அன்றைய சாப்பாட்டிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடை ஏறும். இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறை, சண்டை வராது. கண்டுபிடிக்க முடியாமல் குரைத்தால் பிடிவாதம் என்று நினைக்காமல் எளிதாக்குங்கள்.

நான் எதிர்பார்க்காத பலன் ஒன்றும் உண்டு. ஒரு காலை "தேடு" என்றேன். இரண்டு துண்டை எடுத்துவிட்டு, மூன்றாவதற்குப் போகாமல் படுத்துக்கொண்டான். கிண்ணத்தில் வைத்திருந்தால் மெதுவாகத் தின்று முடித்திருப்பான், நாங்களும் கவனித்திருக்க மாட்டோம். மருத்துவரிடம் கொண்டுபோனோம். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன, உண்ணிக் காய்ச்சல். ஆரம்பத்திலேயே பிடித்ததால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே தேறிவிட்டான். இப்போது எந்த மருத்துவரைப் பார்க்கப் போனாலும், பசி எப்படி என்று அவர் கேட்டால், தேடுகிறானா இல்லையா என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.