ஏபிஏவா, சிகாகோவா? நோக்கு நூலைக் காட்டும் முறை

கலைக்களஞ்சியம், அகராதி போன்ற நோக்கு நூல்களைக் கட்டுரையில் மேற்கோள் காட்ட ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் பாணி) நல்லதா, சிகாகோ (சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் பாணி) நல்லதா? பண்பாடுகளுக்கிடையிலான ஆய்வில் இறங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எந்த நூல் கையில் இருக்கிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

கருத்துகளை விளக்கும் கலைக்களஞ்சியம் என்றால் இரண்டு முக்கியமானவை. ஜேனட் பென்னட் பதிப்பித்து 2015இல் சேஜ் வெளியிட்டது இரண்டு தொகுதி. யங் யுன் கிம் பதிப்பித்து வைலி 2018இல் கொண்டுவந்தது மூன்று தொகுதி. பயிற்சி, கற்பித்தல் பக்கம் போகிறவர்களுக்கு முதலாவது. தொடர்பியல் கோட்பாட்டுக்கு இரண்டாவது. இவற்றைத் தேட கூகுள் ஸ்காலரை விட நூலகப் பட்டியலே நல்லது. ஸ்காலரில் இதழ்க் கட்டுரைகளின் குவியலில் கலைக்களஞ்சியப் பதிவுகள் அமுங்கிப் போகும்.

இவற்றில் ஒவ்வொரு பதிவையும் ஒருவர் தம் பெயரோடு எழுதியிருப்பார். இங்கே ஏபிஏவுக்கே என் ஓட்டு. பதிவை எழுதியவர் பெயரும் ஆண்டும் முதலில், அப்புறம்தான் பதிப்பாசிரியர். என் முதல் கட்டுரையில் அடைப்புக்குறிக்குள் பதிப்பாசிரியர் பெயரைப் போட்டு வைத்தேன். கைடு சிவப்பு மையால் சுழித்து, "இதை அவரா எழுதினார்?" என்றார். சிகாகோவிலும் நீண்ட பதிவுகளுக்கு ஆசிரியர் பெயரைச் சொல்லலாம்தான். ஆனால் ஏபிஏவில் அதைத் தவிர்க்கவே வழியில்லை.

சொற்களின் பயணத்தைச் சொல்லும் அகராதிக்கு வந்தால் கதை தலைகீழ். 'மல்லிகடானி' சூப் நம் மிளகுத்தண்ணீர்தான் என்று காட்ட, ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களின் அகராதியான ஹாப்சன்-ஜாப்சனைப் புரட்டுகிறீர்கள். அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். 1882இலேயே இறந்துவிட்டார், நூல் வந்தது 1886இல். இன்னொருவரான யூல் 1889இல் காலமானார். இணையத்தில் சிகாகோ பல்கலைக்கழகம் இலவசமாக வைத்திருப்பதோ, வில்லியம் குரூக் திருத்திய 1903ஆம் ஆண்டுப் பதிப்பு. இதை ஏபிஏ பாணியில் (யூல், பர்னல், 1903) என்று எழுதினால், மறைந்த இருவர் எழுந்து வந்து எழுதியது போல இருக்கும்! சிகாகோவின் அடிக்குறிப்பில் நூல் பெயர், பதிப்பு, அப்புறம் 'இந்தச் சொல்லின் கீழ்' என்று பொருள்படும் லத்தீன் சுருக்கமும் (s.v.) தலைச்சொல்லும் போதும். பக்க எண் வேண்டாம்; இணையத்தில் பார்த்திருந்தால் அதன் முகவரியையும் சேர்த்துவிடுங்கள். பலர் கைபட்ட நூல்களுக்கு இதுதான் பொருத்தம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனுக்கும் இதே வழிதான்.

எந்தப் பாணியானாலும் நம் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. கவிதா முருகன் என்பவர் எழுதிய பதிவை மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருளில் ஏற்றினால், 'முருகன், க.' என்று அவருடைய அப்பா முன்னால் வந்து நிற்பார். அதைக் கையால்தான் மாற்ற வேண்டும்.