சியாட்டில் டிஸ்கவரி பார்க் பறவை நடை: காசு குடுத்துப் போகலாமா?

சியாட்டில் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் வீக்கெண்ட்ல எங்க போலாம்னு கேட்டுட்டே இருக்கீங்க, அதான் இது. டிஸ்கவரி பார்க்ல காலைல ஒரு கைடு கூட்டிட்டுப் போய் பறவை காட்டுற நடை, கிட்டத்தட்ட மூணு மணி நேரம். நடத்துறது ரொம்ப சின்ன கம்பெனி, குறையும் சொல்லப் போறதால பேர் போடல. என் மார்க் 5க்கு 4.

முதல்ல நல்லது. கைடு அம்மாவுக்குக் காது அபாரம். நமக்கு வெறும் கீச்சுன்னு கேக்குறதை வச்சே எந்த மரம், எந்தக் கிளைன்னு காட்டிடுறாங்க. நானும் பல வருஷமா பேர்டிங் பண்றேன், ஆனா பாக்க ஒண்ணு போலவே இருக்கிற ரெண்டு குட்டிப் பறவை, ஹட்டன்ஸ் வீரியோவை ரூபி கிரௌண்ட் கிங்லெட்ல இருந்து பிரிச்சுப் பாக்க இவ்ளோ தெளிவா யாரும் சொல்லிக் குடுத்ததில்ல, அலகு தடிமனையும் காலோட நிறத்தையும் பாருங்கன்னு பொறுமையா நின்னு காட்டினாங்க.

ஆனா நான் இதை எழுதுறதுக்குக் காரணம் வேற. அன்னிக்கு லிஸ்ட்ல விழுந்ததுல ஆனாஸ் ஹம்மிங்பேர்ட், பியூயிக்ஸ் ரென், வில்சன்ஸ் வார்ப்ளர், டவுன்சென்ட்ஸ் வார்ப்ளர், ஸ்டெல்லர்ஸ் ஜே, ஹட்டன்ஸ் வீரியோன்னு பாதிக்கு மேல மனுசங்க பேரு. மத்த நடைகள்ல பேரைச் சொல்லிட்டு அடுத்த மரத்துக்குப் போயிடுவாங்க, இங்க அந்தப் பேருக்குப் பின்னாடி யாருன்னு சொல்றாங்க. அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023 நவம்பர்ல ஒரு முடிவை அறிவிச்சது, அவங்க பொறுப்புல இருக்கிற பறவைகள்ல மனுசங்க பேர் இருக்கிற ஆங்கிலப் பேரு எல்லாத்தையும் மாத்தப் போறோம், முதல் கட்டமா அமெரிக்கா, கனடாவுல 70ல இருந்து 80 இனம் வரைக்கும்னு. பேரை மாத்தலாமா கூடாதான்னு நடக்குற சண்டை பத்தி எவ்ளோ படிச்சாலும், அந்தப் பறவை முன்னாடி நின்னு கேக்கும்போது தான் விஷயம் மனசுல இறங்குது.

டவுன்சென்ட்ஸ் வார்ப்ளரை எடுத்துக்கோங்க, மஞ்சள் மூஞ்சி, கன்னத்துல கருப்புப் பட்டை, ஊசியிலை மர உச்சியில திரியும், அவ்ளோ அழகு. ஜான் கிர்க் டவுன்சென்ட் 1834ல கொலம்பியா ஆத்துப் பக்கம் வந்த ஆளு, பறவை மட்டும் சேர்க்கல, அங்க இருந்த பூர்வகுடி மக்களோட இடுகாட்டுல இருந்து மண்டை ஓடுகளை எடுத்து ஃபிலடெல்ஃபியாவுல சாமுவேல் மார்ட்டனுக்கு அனுப்பினாரு, இனங்களுக்குள்ள உசத்தி தாழ்த்தி இருக்குன்னு காட்ட மண்டை ஓடு அளந்துட்டு இருந்தவர் அந்த மார்ட்டன். அந்த மக்களோட பேரப்பிள்ளைங்க இன்னும் இதே மாநிலத்துல இருக்காங்க, அவங்க பிள்ளைங்க பைனாகுலரைத் தூக்கினா இந்தப் பேரைத் தான் சொல்லணும். இதைக் கேட்டப்புறம் எனக்கு வேற வாதம் தேவைப்படல.

வில்சன் கதை அதைவிடப் பிடிச்சுது. அமெரிக்கப் பறவைகளைப் பத்தி எழுதின அலெக்ஸாண்டர் வில்சன், வில்சன்ஸ் வார்ப்ளர்ங்கிற அந்தச் சின்ன மஞ்சள் குருவிக்குத் தன் பேரை வைக்கவே இல்ல, பச்சை நிறம், கருப்புத் தொப்பின்னு பாத்ததை வச்சுத் தான் பேர் வச்சாரு, அவர் பேரு பின்னாடி வந்தவங்க ஒட்டினது. கருப்புத் தொப்பின்னு சொல்லிப் பாருங்க, முதல் தடவை வர்ற பிள்ளை கூட ஆண் பறவையை டக்குன்னு கண்டுபிடிச்சிடும். 2020ல மெக்கௌன்ஸ் லாங்ஸ்பர்ங்கிற பறவை விஷயத்துலயும் இதைத் தான் பண்ணாங்க, அடிமை முறைக்காகச் சண்டை போட்ட கான்ஃபெடரேட் படையில ஜெனரலா இருந்தவர் பேரை எடுத்துட்டு தடிச்ச அலகு லாங்ஸ்பர்னு வச்சாங்க, பாத்தா அந்த அலகு தான் முதல்ல தெரியும்.

குரூப்ல ஒரு பெரியவர் இதை ஒத்துக்கவே இல்ல. அவர் சொன்னதும் சும்மா தள்ளிவிடுற மாதிரி இல்ல. தாமஸ் பியூயிக் இங்கிலாந்துல மரச்செதுக்குப் படம் போட்டவர், அமெரிக்காவுக்கே வந்ததில்ல, யாருக்கு என்ன கெடுதல் பண்ணாரு? இயற்கை ஆராய்ச்சியாளர் ஸ்டெல்லர் 1741ல பெரிங்ங்கிற கப்பல் தலைவரோட போய் அலாஸ்கா தீவுல இறங்கி, அந்த ஜேயைப் பாத்துத் தான் இது அமெரிக்கான்னு புரிஞ்சுக்கிட்டாரு, அவர் பேரையும் ஏன் அழிக்கணும்? பறவைப் பேரு எழுதி வச்ச நாற்பது வருஷ நோட்டுப் புத்தகம் என்ன ஆகும்? எனக்கும் ஸ்டெல்லர் பேரு போறது வலிக்கத் தான் செய்யுது. ஆனா ஒவ்வொருத்தரையும் நல்லவரா கெட்டவரான்னு கமிட்டி போட்டு விசாரிச்சா அது முடியவே முடியாது, எங்க கோடு போடுறதுன்னே அடிச்சுக்குவாங்க, அதனால எல்லாத்தையும் மாத்துறது தான் நேர்மைன்னு நான் நினைக்கிறேன். லத்தீன்ல இருக்கிற அறிவியல் பேரு மாறாது, ஸ்டெல்லரும் ஆனாவும் அதுல அப்படியே இருப்பாங்க, பழைய நோட்டும் அதை வச்சுப் படிக்கலாம்.

பேரு மாறலாம்ங்கிறதுக்கு பார்க்கே ஒரு சாட்சி. இது முன்னாடி ஃபோர்ட் லாட்டன், அப்பாச்சி பூர்வகுடித் தலைவர் ஜெரோனிமோவைப் பிடிக்கத் துரத்தின ஹென்றி லாட்டன் பேர்ல இருந்த ராணுவ முகாம். 1970ல பெர்னி வைட்பியர் தலைமையில பூர்வகுடி மக்கள் வேலி ஏறிக் குதிச்சுப் போராடித் தான் டேபிரேக் ஸ்டார்ங்கிற அவங்க பண்பாட்டு மையத்துக்கு நிலம் கிடைச்சுது, அது 1977ல திறந்தாங்க. நடை அந்தப் பக்கமா தான் போகுது, ஆனா கைடு அம்மா இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, கட்டாயம் சேர்க்கணும்.

மத்த குறையும் சொல்லிடுறேன். ஒரு கைடுக்கு ஆளுங்க ஜாஸ்தி, பின்னாடி நிக்குறவங்களுக்குப் பாதி கேக்கல. வாடகை பைனாகுலர்ல ஃபோகஸ் வீல் லூஸ், உங்ககிட்ட இருந்தா எடுத்துட்டுப் போங்க. பெரியவர் பேசிட்டு இருக்கும்போதே டைம் ஆச்சுன்னு நடுவுல வெட்டினது எனக்குப் பிடிக்கல, அன்னிக்கு நடந்ததுலயே அந்தப் பேச்சு தான் உருப்படி, பீச் இறக்கத்தை விட்டுட்டு அதுக்கு ஒரு பத்து நிமிஷம் குடுத்திருக்கலாம். முடிவுல குடுக்குற செக்லிஸ்ட் தாள்ல வெறும் பேரு மட்டும் இருக்கு, எந்தப் பேரெல்லாம் மாறப் போகுதுன்னு ஒரு ஸ்டார் குறி கூட இல்ல, இவ்ளோ பேசுறவங்க அதைச் சேர்க்க என்ன கஷ்டம்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா பத்து வயசுக்கு மேல சரியா இருக்கும், நிறைய நிக்கணும், நிறைய கேக்கணும். மே நடுவுல போனா ஸ்வெயின்சன்ஸ் த்ரஷ் பாட்டும் கிடைக்கும். காலைல முதல் பேட்ச்சையே புக் பண்ணுங்க, லேட்டானா பார்க்கிங் கிடைக்காது.