50-க்கு மேல்: நடையா, எடையா, தொடையா?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலர் மூன்றையும் ஒரே நாளில் தொடங்குகிறார்கள்: தினம் 10,000 அடி, ஆறு மாதத்தில் 10 கிலோ, கூடவே ஜிம். மூன்றும் சேர்ந்து ஒரு மாதம் தாண்டுவது அபூர்வம். ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்றால் என் ஓட்டு தொடைக்கு, அதாவது தசை வலுவுக்கு. நான் எடுத்ததும் அதுதான்.

நடைக்குக் காசு வேண்டாம், சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது. தெரிந்த கதை. 10,000 என்ற எண் மட்டும் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதில் மருத்துவத்தைவிட விளம்பரம் அதிகம். 60 தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்குள்ளேயே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது.

எடையைப் பொறுத்தவரை, தொப்பையும் பிபியும் சேர்ந்திருந்தால் குறைத்தே ஆக வேண்டும். ஆனால் சாப்பாட்டை மட்டும் குறைத்து 4 கிலோ இறக்கினால், அதில் ஏறக்குறைய 1 கிலோ தசை. திரும்ப ஏறுவதோ பெரும்பாலும் கொழுப்பு. தராசு பழைய எண்ணைக் காட்டும், கால் மட்டும் பழைய கால் இல்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒரே கேள்வி: நடுவில் விட்டுப்போனால் என்ன ஆகும்? விட்டுப்போகாமல் இருக்காது. ஐப்பசி மழையில் நடை நிற்கும், அதே மாதம் தீபாவளி பலகாரம் எடையை ஏற்றும். நடையில் சேர்த்த மூச்சுத்திறன் இரண்டு மூன்று வாரத்திலேயே இறங்க ஆரம்பிக்கும். வலு அவ்வளவு சீக்கிரம் போகாது. போனாலும், முதலில் சேர்த்ததைவிட வேகமாகத் திரும்பும். காய்ச்சலில் பத்து நாள் படுத்தால்கூட, கையிருப்பு உள்ளவர் சுவரைப் பிடிக்காமல் எழுந்துவிடுவார்.

வாரம் 2 நாள், தடவைக்கு அரை மணி நேரம் போதும். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மார்பில் கை கட்டி எழுந்து, மூன்று எண்ணி மெல்ல உட்கார வேண்டும்; 10 தடவை, 3 சுற்று. சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் அதே கணக்கு. பிறகு கைக்கு ஒன்றாக 5 கிலோ அரிசிப் பை தூக்கி ஹாலில் நாலு நடை. 12 தடவை சுலபமாக வந்துவிட்டால், முதுகுப்பையில் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைச் சேருங்கள், அது 1 கிலோ. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: பாரத்தை ஏற்றுவதே இல்லை. கடைசி இரண்டு தடவை திணறவில்லை என்றால் தசைக்கு வேலை வைக்கவில்லை என்று அர்த்தம்.

மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் பிபி சட்டென்று ஏறும். எழும்போது மூச்சை விடுங்கள். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் பாரத்தைக் குறையுங்கள். அடுத்தடுத்த நாள் செய்யாதீர்கள்.

சாப்பாடும் கூட வர வேண்டும். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 60 கிராம் புரதமாவது தேவை. ஒரு முட்டை 6 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 9, 10 வரும். வெறும் இட்லி, சட்னியில் கணக்கு நேராகாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவை டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். முட்டி தேய்மானம் முற்றியவர்களுக்கும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பிசியோதெரபிஸ்ட் பார்த்து நாற்காலி உயரத்தை முடிவு செய்யட்டும்.

தொடங்கும் முன் ஒரு அளவு எடுத்து வையுங்கள்: 43 செ.மீ. உயர நாற்காலி, கை மார்பில், 30 விநாடியில் எத்தனை தடவை எழ முடிகிறது? 60 முதல் 64 வயதில் ஆணுக்கு 14-க்கும் பெண்ணுக்கு 12-க்கும் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு. தேதி போட்டு, மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி எண்ணுங்கள்.